அச்சத்தைப் பாடமாக்கிய ஆசான்

குத்துச்சண்டையைத் தோள்வலியின் கலை என்று எண்ணுவோர் பலர். மேடையேறி நிற்கும் இருவருள் எவர் கை நீண்டது, எவர் அடி வலியது என்று கணக்கிட்டு வெற்றியை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவர்தம் துணிபு. ஆயின் அக்கலையைப் பயிற்றுவோர் அங்ஙனம் கருதுவதில்லை. முதல் மணி ஒலிக்குமுன்னரே பாதிப் போர் நடந்து முடிந்துவிடுகிறது என்றும், அது ஒவ்வொரு வீரனும் தன் நெஞ்சோடு நடத்தும் போர் என்றும் அவர்கள் கூறுவர். ஒலிம்பிக் போட்டிக்கு வீரரை அனுப்பும் நாடுகள் பலவற்றில் இன்று பயிற்றாசிரியரோடு உளவியல் வல்லுநரும் உடன் பணியாற்றுகின்றனர். மூச்சை ஒழுங்கு செய்தல், போட்டியை மனக்கண்ணில் நடத்திப் பார்த்தல், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொற்களைத் தேர்ந்துகொள்ளுதல் ஆகியவை முறையான பாடங்களாகவே வகுக்கப்பட்டுள்ளன.

இத்துறை பல்கலைக்கழகங்களில் வேரூன்றுமுன்பே வீரனின் மனத்தைப் பயிற்றுவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் கஸ் டமாட்டோ என்னும் அமெரிக்கர். 1908-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்து 1985-ஆம் ஆண்டு மறைந்தவர். அவரிடம் பயின்று உலக வெற்றிவீரர் பட்டம் பெற்றோர் மூவர்: பிளாய்ட் பாட்டர்சன், ஹோசே டோரஸ், மைக் டைசன். ஆசான் தம் கொள்கையை நூலாக எழுதி வைக்கவில்லை. மாணவர் மூவரும் எழுதினர். பாட்டர்சன் 1962-ல் ‘என்மேல் யான் கொண்ட வெற்றி’ என்று பொருள்படும் தன்வரலாற்றை மில்டன் கிராஸ் என்பவரின் துணையோடு வெளியிட்டார். டோரஸ் 1971-ல் முகம்மது அலியைப் பற்றியும், 1989-ல் ‘தீயும் அச்சமும்’ என்னும் பொருளுடைய தலைப்பில் டைசனைப் பற்றியும் நூல்கள் எழுதினார். டைசன் 2013-ல் தன்வரலாற்றையும், 2017-ல் தம் ஆசானைப் பற்றியே ‘இரும்பு வேட்கை’ என்று தமிழில் கூறத்தக்க நூலையும் லாரி ஸ்லோமனோடு சேர்ந்து எழுதினார். ஆசிரியர் ஒருவரை மதிப்பிட அவர் மாணவர் எழுத்தினும் சிறந்த சான்று இல்லை. அந்நூல்களின் வழியே அவர் பயிற்சியை ஆராய்வது ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்குப் பெரிதும் பயன்தரும்.

அச்சம் பகையன்று

டமாட்டோவின் கொள்கை எளிமையானது. அச்சம் நெருப்பைப் போன்றது. அடக்கி ஆண்டால் அடுப்பெரிக்கும், குளிர் காக்கும். கைமீறினால் வீட்டையும் உடையவனையும் எரித்துவிடும். வீரனும் கோழையும் நெஞ்சில் உணர்வது ஒன்றே. அவ்வுணர்வை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யும் செயலில்தான் வேற்றுமை உண்டு. திறந்த வெளியைக் கடக்க வந்த மான் ஆபத்தை மோப்பம் பிடித்ததும் அதன் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பே பிறகு அதனைப் பாய்ந்தோடச் செய்து உயிர் காக்கிறது என்று சிறுவர்க்கு அவர் கதைபோல விளக்குவார். நியூயார்க் நகரில் 14-ஆம் தெருவில் இருந்த அவரது பயிற்சிக் கூடத்துக்கு இருண்ட படிக்கட்டு ஏறிச் செல்ல வேண்டும். துணையின்றித் தனியே ஏறி வரும் சிறுவனை அவர் தனியே குறித்துக்கொள்வார் என்பர். முதல் தேர்வு அந்தப் படிக்கட்டிலேயே நடந்துவிட்டது.

அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதலை அறிவின் கூறாக வைத்துப் பேசும் திருக்குறளைப் பயின்றோர்க்கு, அச்சத்தை முற்றும் பழிக்காத இக்கொள்கை வியப்பளிக்காது. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அறிவுடையோன் அஞ்சித் தவிர்க்க வேண்டியதைத் தவிர்ப்பது ஒன்று. தவிர்க்க இயலாதபடி எதிரி கண்முன் நிற்கையில், நடுங்கும் கால்களோடு செய்ய வேண்டியதைச் செய்வது மற்றொன்று. டமாட்டோ பயிற்றியது இரண்டாவதை.

உளவியலாரின் ஆராய்ச்சியும் அவர்பக்கமே நிற்கிறது. டமாட்டோ பிறந்த அதே 1908-ஆம் ஆண்டில் எர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து அவை கற்கும் விரைவை அளந்தனர். கடினமான பாடத்தில் அதிர்ச்சி மிகக் குறைந்தாலும் கற்றல் தளர்ந்தது, மிகுந்தாலும் கெட்டது. இடைப்பட்ட அளவே நற்பயன் தந்தது. 2014-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரானது. பாடுதற்கும், மேடையில் பேசுதற்கும், கணக்குப் போடுதற்கும் முன் படபடப்புற்றவர்களுள், அமைதியாயிரு என்று தம்மை அடக்க முயன்றோரைவிட, இது கிளர்ச்சி, இது ஆர்வம் என்று அதற்குப் பெயர் மாற்றிக்கொண்டோரே நன்கு செய்தனர். அச்சத்தை விரட்ட முயலாதே, அதற்கு வேலை கொடு என்று டமாட்டோ சொல்லிவந்ததன் பொருளும் இதுவே.

எண்களும் மூட்டையும்

கொள்கையோடு அவர் நின்றுவிடவில்லை. அச்சம் மிகும்போது மனிதனுக்குச் சிந்திக்க நேரமில்லை. ஆகவே சிந்திக்காமலே கை செயற்படுமாறு பழக்க வேண்டும் என்று கண்டார். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். மெத்தைகளைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் மனித உருவம் வரைந்து, அடிக்க வேண்டிய இடங்களில் அவ்வெண்களை எழுதினார். டோரஸ் எதிர்த்து நிற்க வேண்டியிருந்த வில்லி பாஸ்ட்ரானோவின் பெயரே அம்மூட்டைக்கு ‘வில்லி’ என்று அமைந்தது. எண்களை ஒலிநாடாவில் பதிவு செய்து ஒலிக்க விட்டு, கேட்ட கணமே மாணவன் அடிக்கும்படி பயிற்றினார். வாய்பாடு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் எவர்க்கும் இம்முறையின் பயன் விளங்கும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தானே நாவில் வந்துவிட்டால், மாணவனின் அறிவு கணக்கின் அருமையான பகுதியை நோக்கித் திரும்புகிறது. பழக்கம் சுமையைத் தாங்கிக்கொள்ள, மனம் எதிரியைப் படிக்க விடுதலை பெறுகிறது.

இதுவரை குறை சொல்ல இடமில்லை. கொள்கை தெளிவானது, முறை பொருத்தமானது. ஆயினும் ஒரே பாடம் மூன்று மாணவரிடம் மூன்று விதமாக விளைந்தது. அதன் காரணத்தை அவர்தம் நூல்களில்தான் தேட வேண்டும்.

பாட்டர்சன்: அச்சத்தை வென்றவர், நாணத்துக்குத் தோற்றவர்

பாட்டர்சனின் தன்வரலாறு மூன்று நூல்களுள் மிக எளிமையானது, மிக உண்மையானது. புரூக்லினில் வறுமையில் வளர்ந்து, எழுத்தறியாது, மனிதர் முகம் காண அஞ்சிச் சுரங்க ரயில் நிலையத்துப் பொந்தில் ஒளிந்திருந்த சிறுவன் அவர். தம் நிழற்படத்தில் தம் முகத்தின்மேல் தாமே பெருக்கற் குறியிட்டு அழித்தவர். வில்ட்விக் என்னும் சீர்திருத்தப் பள்ளி ஆசிரியை ஒருவரின் அன்பால் தேறினார். பின்னர் டமாட்டோவிடம் வந்தார். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார். 1956 நவம்பர் 30-ல் ஆர்ச்சி மூரை வீழ்த்தி, 21-ஆம் வயதில், அதுவரை எவரும் பெறாத இளமையில் ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். தன்னையே வெறுத்த சிறுவனை இந்நிலைக்கு உயர்த்திய பயிற்சியைப் புகழாதிருக்க முடியாது.

1959 ஜூன் 26-ல் ஸ்வீடன் நாட்டு இங்கமர் ஜோஹன்சன் மூன்றாம் சுற்றில் அவரை ஏழு முறை கீழே வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். ஓராண்டுக்குள், 1960 ஜூன் 20-ல், பாட்டர்சன் அதனை மீட்டார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் மனிதர் அவரே. மயங்கிக் கிடந்த எதிரியின் அருகில் மண்டியிட்டுத் தாங்கிய காட்சி உலகறிந்தது. நூலின் தலைப்புக்குப் பொருள் தருவது இப்பகுதியே.

ஆயினும் நூல் வெளிவந்த அதே ஆண்டில் அதன் தலைப்பு கேள்விக்குள்ளாயிற்று. 1962 செப்டம்பர் 25-ல் சிகாகோவில் சானி லிஸ்டன் அவரை முதற் சுற்றிலேயே வீழ்த்தினார். பாட்டர்சன் பொய்த்தாடியும் மீசையும் ஒட்டிக்கொண்டு யாரும் அறியாமல் ஊரை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டும் அதே எதிரி, அதே முதற் சுற்று. 1964-ல் கே டலீஸ் என்னும் எழுத்தாளரிடம் அவர் மனந்திறந்து பேசியது அக்காலத்து விளையாட்டு எழுத்தில் அரிய ஆவணம். அடிபட்டு வீழ்வதில் நோவில்லை. வீழ்ந்த பிறகு அத்தனை கண்களின் நடுவே எழுந்து நிற்பதே நோவு. மேடையில் ஒரு கதவு திறந்து தம்மை உடைமாற்றும் அறையில் சேர்த்துவிடாதா என்று தோன்றும் என்றார் அவர். தம்மைக் கோழை என்றும் சொல்லிக்கொண்டார்.

அது கோழைமையன்று. அஞ்சியவர் மேடையேறமாட்டார், இவரோ 1972 வரை மேடையேறினார். அவரை வாட்டியது போருக்கு முன்வரும் அச்சமன்று, தோல்விக்குப் பின்வரும் நாணம். ஆசான் முன்னதற்கு மருந்து கொடுத்திருந்தார். மாணவர் எழுத்துக்களில் அச்சம் பற்றிய பாடம் நிறைந்திருக்கும் அளவுக்குத் தோல்வி பற்றிய பாடம் இல்லை.

இன்னொரு குறையும் சொல்லத்தக்கது. டமாட்டோ தம் மாணவர்க்கு எதிரிகளைத் தேர்ந்தெடுப்பதில் அளவு கடந்த எச்சரிக்கை காட்டினார். 1957-ல் பாட்டர்சனின் பட்டத்துக்கு எதிராக நின்றவர், அதற்குமுன் தொழில்முறைப் போட்டி ஒன்றிலும் இறங்காத பீட் ராடமாக்கர். லிஸ்டனோடு மோதுவதையும் ஆசான் விரும்பவில்லை. பாட்டர்சனே அதனை மீறி ஒப்பினார். குத்துச்சண்டை வணிகத்தைக் கைக்குள் வைத்திருந்த முற்றுரிமைக் கழகத்தை எதிர்த்து டமாட்டோ போராடினார் என்பதும், அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1959-ல் அக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது என்பதும் அவர்பக்கத்து நியாயம். ஆயினும் மாணவனின் மனத்தை நோக்க வேண்டும். அச்சம் உன் நண்பன் என்று வாயால் கூறும் ஆசான், வலிய எதிரி வரும்போதெல்லாம் தானே அஞ்சி மறைத்தால் மாணவன் எதனைக் கற்பான்? சொல்லிக் கொடுத்ததைவிடச் செய்து காட்டியதே அவன் நெஞ்சில் பதியும்.

டோரஸ்: பாடத்தைத் தனதாக்கியவர்

புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த டோரஸ் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 1965 மார்ச் 30-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாஸ்ட்ரானோவை வென்று லைட் ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். 1966 டிசம்பரில் டிக் டைகரிடம் அதனை இழந்தார். ஓய்வு பெற்றபின் செய்தித்தாள்களில் எழுதினார். நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

அலியைப் பற்றிய அவர் நூலின் சிறப்பு ஒரு கருத்தில் அடங்கும். குத்துச்சண்டை பொய் சொல்லும் கலை என்கிறார் அவர். இடக்கையால் அடிப்பதுபோல் காட்டி வலக்கையால் அடிப்பது பொய். தளர்ந்ததுபோல் நிற்பது பொய். எதிரியை ஒன்று நம்பச் செய்து மற்றொன்றைச் செய்பவனே பெருவீரன். இக்கருத்து ஆசானின் அச்சக் கொள்கையிலிருந்து முளைத்தது. எனினும் அதன் மறுபதிப்பன்று. என் அச்சத்தை நான் ஆள வேண்டும் என்று ஆசான் கூற, எதிரியின் நம்பிக்கையையும் நான் ஆளலாம் என்று மாணவர் அதனை நீட்டினார். பாடத்தைக் கேட்டு, ஆராய்ந்து, தாம் காணாத இடத்துக்கும் அதனைக் கொண்டு சென்று பொருத்திப் பார்க்கும் மாணவரின் எழுத்து இது. தம்மைப் பற்றி மட்டுமன்றி மற்றொரு வீரரை ஆராயவும் அக்கல்வி அவர்க்குப் பயன்பட்டது என்பது சிறு செய்தியன்று.

பிந்திய நூலான ‘தீயும் அச்சமும்’ அத்தகைய தெளிவுடையதன்று. டைசனின் சொந்த வாழ்க்கையின் பரபரப்புச் செய்திகள் இடையிடையே புகுந்து ஆராய்ச்சியைக் குலைக்கின்றன. தலைப்பு ஆசானுடையது, உள்ளடக்கத்தில் பாதி செய்தித்தாளினுடையது.

டைசன்: நம்பியவர்

டைசன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஏறத்தாழ 13-ஆம் வயதில் டமாட்டோவிடம் வந்து, கேட்ஸ்கில் என்னும் சிற்றூரில் அவர் இல்லத்திலேயே வளர்ந்தார். தாய் இறந்தபின் டமாட்டோ அவர்க்குச் சட்டப்படி பாதுகாவலரானார். முன்னையோர்க்குக் கிட்டாத ஒன்று இவர்க்குக் கிட்டியது: ஆசானின் முழுப் பொழுதும். எமில் கூவே என்னும் பிரெஞ்சு மருந்தாளர் வகுத்த தற்கருத்தேற்ற முறையை ஆசான் கையாண்டார். வெற்றிச் சொற்களைச் சிறுவன் நாள்தோறும் தனக்குத்தானே ஓத வேண்டும். மனவசியம் செய்பவரிடமும் அழைத்துச் சென்றார். உன்னை வெல்ல உலகில் எவருமில்லை என்னும் கருத்து அரைமயக்க நிலையில் செவிவழி ஊட்டப்பட்டது. இவற்றை டைசன் நன்றியோடும் அன்போடும் எழுதுகிறார். தன்னைப் பற்றிய அளவிறந்த செருக்கு அங்கேதான் விதைக்கப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. அந்நேர்மையே அவர் நூலின் பெருமை. கூறியது கூறலும், மிகை புகழ்ச்சியும் அதன் குறைகள்.

1982-ல் இளையோர் ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு முன் டைசன் தேம்பி அழ, துணைப் பயிற்றாசிரியர் டெடி அட்லஸ் அவரைத் தேற்றிய காட்சி 1993-ல் பார்பரா கோப்பிள் எடுத்த ஆவணப்படத்தில் உள்ளது. அழுத சிறுவன் மேடையேறி வென்றான். டமாட்டோவின் கொள்கைக்கு அதனினும் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை. ஆயின் அவனைத் தேற்றிய அட்லஸே அவ்வாண்டு அவ்விடத்தை விட்டு விலகினார். சிறுவனின் ஒழுக்கக் கேடுகளைப் பட்டத்தின்பொருட்டு ஆசான் கண்டும் காணாதிருந்தார் என்பது அட்லஸ் 2006-ல் எழுதிய தன்வரலாற்றில் கூறும் குற்றச்சாட்டு.

ஆசான் 1985 நவம்பர் 4-ல் மறைந்தார். 1986 நவம்பர் 22-ல் டைசன், பாட்டர்சனினும் இளையவராய், 20-ஆம் வயதில் ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். மூன்றாண்டுகள் அசைக்க முடியாதவராய் விளங்கினார். 1990 பிப்ரவரி 11-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். சில வாரங்களுக்கு முன்னரே தாயை இழந்திருந்தவர் டக்ளஸ். எட்டாம் சுற்றில் கீழே விழுந்து எழுந்தவர். எவராலும் வெல்லப்படாய் என்று ஊட்டப்பட்ட மந்திரம், வெல்லப்பட்ட நாளில் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. மேடைக்கு வெளியே நேர்ந்தவை இன்னும் துன்பமானவை: 1992-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளியெனத் தீர்ப்பு, சிறைவாசம், 1997-ல் போட்டியின் நடுவே ஹோலிபீல்டின் காதைக் கடித்த இழிவு. இவற்றுக்கெல்லாம் இறந்த ஆசானைப் பொறுப்பாக்குதல் நீதியன்று, செய்தவரே பொறுப்பு. ஆயின் மேடையில் அச்சத்தை ஆளக் கற்பித்த பள்ளி, மேடைக்கு வெளியே சினத்தையும் ஆசையையும் ஆளக் கற்பிப்பதைத் தன் பாடத்துக்குப் புறம்பாகக் கருதியதா என்று கேட்கும் உரிமை திறனாய்வுக்கு உண்டு.

மதிப்பீடு

மூவரின் நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். மனப் பயிற்சி இருவகைப்படும். விளக்கிக் கற்பிப்பது ஒன்று. ஓதி ஊட்டுவது மற்றொன்று. அச்சம் என்பது யாது, உடலில் அது ஏன் எழுகிறது, அதனைக்கொண்டு செய்யத்தக்கது யாது என்று விளக்கிய இடமெல்லாம் டமாட்டோ பேராசிரியர். அங்ஙனம் கற்றது மாணவனின் சொந்த உடைமை. ஆசான் மறைந்தாலும் மறையாது. நீ வெல்லப்படாதவன் என்று ஓதி ஊட்டிய இடமெல்லாம் அவர் மந்திரவாதி. அங்ஙனம் பெற்றது கடன். கொடுத்தவர் குரல் ஓய்ந்ததும் அதுவும் ஓய்கிறது. கைப்பழக்கத்துக்கு ஓதுதல் தகும், வாய்பாட்டுக்குத் தகுவதுபோல. தன்மதிப்புக்கு அது தகாது.

டைசன் 19 வயதாயிருக்கையில் ஆசான் மறைந்தமையால் பாடம் முற்றுப்பெறவில்லை என்று வாதிடுவோர் உளர். அதில் உண்மை உண்டு. ஆயின் பல ஆண்டுகள் உடனிருந்த பாட்டர்சனுக்கும் தோல்வியின் பாடம் ஆசானிடமிருந்து கிட்டவில்லை. அவர் அதனைத் தாமே தேடிக் கற்றார். பிற்காலத்தில் நியூ பால்ட்ஸ் என்னும் ஊரில் பயிற்சிக் கூடம் நடத்திச் சிறுவரைப் பயிற்றினார். அவர் தத்தெடுத்து வளர்த்த மகனும் 1992-ல் உலகப் பட்டம் பெற்றார். பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு ஒளிந்தவர், தோற்ற சிறுவர்க்கு முகம் கொடுக்கும் ஆசானாக முடிந்தார். அவர் நூலின் தலைப்பு மெய்யானது அந்நூல் அச்சேறி நெடுநாள் கழித்தே.

இன்று போர்விளையாட்டு வீரர்க்கு மனப் பயிற்சி அளிப்போர் டமாட்டோவின் மானையும் நெருப்பையும் தயங்காது எடுத்தாளலாம். அவற்றோடு அவர் விட்டுச்சென்ற இரு பாடங்களையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்: தோற்றபின் எப்படி நிமிர்ந்து நிற்பது, ஆசான் இல்லாதபோது எப்படித் தானே நடப்பது என்பன. தேர்வுக் கூடத்துக்கும் பேச்சு மேடைக்கும் மாணவரை அனுப்பும் ஆசிரியர்க்கும் இவை பொருந்தும். இந்நூல்களைப் படிக்க விழைவோர் பாட்டர்சனை முதலிலும், அலியைப் பற்றிய டோரஸை அடுத்தும், டைசனை இறுதியிலும் படிப்பது நன்று. அவ்வரிசையில் படித்தால், ஆசானின் புகழ் மிகுதியாகப் பேசப்படும் நூலில் அவர் குறைகளும் தெளிவாகத் தெரியும்.